மறு: ‘ஸ்பில்’ என்பதற்குக் ‘கசிவு’ போதாது

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். இரசாயனம் கொட்டிப்போவதையும் அதைத் தெரிவிப்பதையும் குறிக்கும் ‘ஸ்பில்’ (spill), ‘ரிப்போர்ட்டிங்’ முதலிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘கசிவு’ என்று பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோதும் ‘எண்ணெய்க் கசிவு’ என்றுதான் எழுதினார்கள். இனி எதற்குப் புதுச்சொல்?

நிலைத்துவிட்டது உண்மைதான். அந்தச் சொல்லால் நேரம் வீணானதை நான் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. தேவகோட்டை போகும் சாலையில் ஒரு மினி லாரி ஓரத்துப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. ஏற்றி வந்தது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், வெள்ளைக் கேன்களில். பாதிக் கேன்கள் உடைந்திருந்தன. வெண்புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது. ஆசிட் பள்ளத்தில் இறங்கி, ஊருணிக்குப் போகும் வரத்துக்காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சிமெண்டுக் கரையில் பட்ட இடமெல்லாம் உலைப்பானை பொங்குவதுபோல நுரைத்தது. ஓட்டுநர் என்னிடம் சொன்னது ஒரே வரி: “அண்ணே, ஆசிட்டு கொட்டிப்போச்சுண்ணே.”

போனை எடுத்தவன் நான். படித்தவன் இல்லையா, “ஆசிட் கசிவு” என்று சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் கேட்டது: “வால்வை மூடியாச்சா? டேங்கரா?” கசிவு என்றதும் அவர் மனத்தில் வந்தது சொட்டுகிற குழாய். அவரைக் குறை சொல்ல முடியாது. வால்வே இல்லை, டேங்கரும் இல்லை, கேன்கள் உடைந்து ஓடுகின்றன என்று விளங்கவைத்து முடிப்பதற்குள், பக்கத்து வயலில் நின்ற இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து வரத்துக்காலை மண் போட்டு அடைத்துவிட்டார்கள். ஊருணி தப்பியது அவர்களால்.

ஓட்டுநரின் சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் போதும்.

எங்கள் சிவகங்கைச் சீமையில் கண்மாய்க்கரை பார்க்கிற நீர்பாய்ச்சி வந்து “கரை கசியுது” என்றால் ஊர் பதறாது. நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். “உடைஞ்சிருச்சு” என்றால் சாக்கும் மண்வெட்டியுமாக ஊரே ஓடும். எத்தனை பேர், எவ்வளவு வேகமாக எழுந்து ஓடவேண்டும் என்பதை அந்தச் சொல்லே தீர்மானிக்கிறது. நாம் ஆக்கும் கலைச்சொல்லுக்கும் அந்த வேலை உண்டு. ஆகவே மெல்ல ஊறி வருவது கசிவு, ஓட்டை வழியே வருவது ஒழுகல், கலம் உடைந்தோ கவிழ்ந்தோ வெளியே வருவது கொட்டல் என்று மூன்றையும் பிரித்து வைப்போம். வாயுவுக்குக் கசிவு இருக்கட்டும். போபால் முதல் அது பழகிய வழக்கு.

‘சிந்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் காப்பி சிந்துகிற அளவுதான் கண்ணில் வருகிறது.

> கொட்டல் என்றால் வேண்டுமென்றே கொட்டுவதும் அடங்கிவிடுமே? இரவில் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறவனும் விபத்தில் சிக்கியவனும் ஒன்றா?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். முதலில் பார்க்கிறவருக்கு அந்த வேறுபாடு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கொட்டிக் கிடக்கிறது என்பதுதான் அவர் சொல்லவேண்டிய செய்தி. யார் கொட்டினார், எப்படிக் கொட்டியது என்பது விசாரணையில் வரும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்று ஊரில் சொல்கிறோமே, அதிலும் தவறிக் கொட்டியதா வேண்டுமென்றா என்று யாரும் கேட்பதில்லை. சட்டத்தில் வேண்டுமென்றே செய்ததைக் குறிக்க ‘கள்ளக் கொட்டல்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ‘ரிப்போர்ட்டிங்’. இதில்தான் எனக்கு ஆசை அதிகம். ‘புகார்’ என்றால் ஓட்டுநர் பயந்து ஓடிவிடுவார். ‘அறிக்கை’ என்றால் தாளும் கையெழுத்தும். ‘அறிவிப்பு’ ஒலிபெருக்கி. எங்கள் பக்கம் ‘தாக்கல்’ என்றொரு சொல் உண்டு. “மாமா வீட்டுக்குத் தாக்கல் சொல்லியாச்சா?” என்பார்கள், செய்தி, தகவல் என்று பொருள். அதே சொல் அலுவலகத்தில் ‘மனுத் தாக்கல்’ என்று எழுத்துப்பூர்வமாகக் கொடுப்பதையும் குறிக்கிறது. சட்டமும் இந்த இரண்டையும் கேட்கிறது! 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 136-ஆம் விதிப்படி, அபாயப் பொருள் ஏற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் ஓட்டுநர் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் சொல்லவேண்டும். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, ஓடையிலோ கிணற்றிலோ நச்சு கலந்தால், கலக்கும் என்று தோன்றினாலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிக்கச் சொல்கிறது. இவை தாக்கல் *சொல்வது*. ஆலைகளுக்கான 1989-ஆம் ஆண்டு அபாய இரசாயன விதிகளில், பெரும் விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, பிறகு உரிய படிவத்தில் அறிக்கையும் தர வேண்டும். இது தாக்கல் *செய்வது*. ஒரே பெயர்ச்சொல், வினை மாறினால் கடமை மாறுகிறது. காரைக்குடி குடிக்கிற சம்பை ஊற்றுத் தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன், முதலாவது தாமதமானால் இரண்டாவதால் பயனில்லை.

‘தாக்குதல்’ நினைவுக்கு வரும் என்ற அச்சம் வேண்டாம். வேட்புமனுத் தாக்கலை யாரும் சண்டையாக நினைப்பதில்லை.

‘உள்ளூர், வட்டார அதிகாரிகள்’ என்பதற்குப் புதுச்சொல் தேவையில்லை. 1996-ஆம் ஆண்டு இரசாயன விபத்து விதிகள் உள்ளூர், மாவட்டம், மாநிலம், மத்தி என நான்கு அடுக்காக நெருக்கடிக் குழுக்களை வைத்திருக்கின்றன. அந்தப் பெயர்களே போதும். வட்டாரத்துக்கு, ஊர்களின் தொகுப்பைக் குறிக்கும் நகரத்தாரின் ‘வட்டகை’யை எடுக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. அது கோயிலும் குடும்பமும் சார்ந்த வழக்கு, அங்கேயே இருக்கட்டும்.

கடைசியாக ‘ரிப்போர்ட்டபிள் குவான்டிட்டி’. அமெரிக்கச் சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் இவ்வளவு வெளியேறினால் சொல்லியாகவேண்டும் என்று பொருளுக்குப் பொருள் அளவு உண்டு: குளோரினுக்கு 10 பவுண்டு, கந்தக அமிலத்துக்கு 1,000 பவுண்டு. ‘தாக்கல் அளவு’ என்று வைத்தேன்; ‘தாக்கல் வரம்பு’ என்றால் அதுவரை சும்மா இருக்கலாம் என்பதுபோல் ஒலிக்கிறது. உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?

ஓட்டுநர்களின் கையில் கொடுக்க ஒரு அட்டை எழுதியிருக்கிறேன். வாசித்துத் திருத்துங்கள்:

“கொட்டிப்போனால் வண்டியை விட்டுக் காற்று வரும் பக்கம் விலகி நில். 112-க்கும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கும் தாக்கல் சொல். என்ன பொருள், வண்டியின் அபாயப் பலகையில் உள்ள நான்கு இலக்க எண் (வண்டி எண் அல்ல), எந்த ஊர், பக்கத்தில் கண்மாய், ஊருணி, கிணறு உண்டா – இவற்றைச் சொல்.”