அம்மாவுக்குப் பதட்ட மாத்திரை: ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 66 வயது. ஏழெட்டு மாதமாகக் காரணமே இல்லாத பயம், நெஞ்சு படபடப்பு, நடுராத்திரியில் விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது, குறை எதுவும் இல்லை. மனநல மருத்துவர் எழுதியது ஒரே மாத்திரை: எஸ்சிடலோபிராம் 10 மி.கி., குளோனாசிபாம் 0.5 மி.கி. இரண்டும் சேர்ந்தது. 0-0-1, அதாவது ராத்திரி மட்டும் ஒன்று. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். ஏற்கெனவே போடுபவை: பி.பி.க்கு டெல்மிசார்டான் + ஹைட்ரோகுளோரோதயசைடு, மூட்டுவலி வந்தால் டைக்ளோஃபெனாக், கூடவே பான்டோபிரசோல்-டாம்பெரிடோன் கேப்சூல். "இத ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் விட முடியாது" என்று சித்தி சொன்னதிலிருந்து அம்மா அட்டையைப் பிரிக்கவே மாட்டேன் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி:
சித்தி சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மாத்திரைக்குள் இருப்பவை குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மருந்துகள். இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

குளோனாசிபாம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பை அடக்கும். பழகிப்போவது இதுதான். தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு இதை எதிர்பார்க்க ஆரம்பிக்கும். திடீரென்று விட்டால் பதட்டம் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். ரொம்ப நாள் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உடம்பை விட்டு இது மெதுவாகத்தான் வெளியேறும், பாதி குறையவே 30, 40 மணி நேரம் ஆகிவிடும். அதனால் காலையிலும் தள்ளாட்டம் இருக்கும். 66 வயதில் எனக்குப் பெரிய பயம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான்.

எஸ்சிடலோபிராம் வேறு வகை. இதற்கு ஏக்கம் வராது, அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதும் இல்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரம் குமட்டல், தலைவலி, சிலருக்குப் பதட்டமே கொஞ்சம் கூடுவது எல்லாம் உண்டு. பலர் இந்த வாரத்தில்தான் "எனக்கு ஒத்துக்கலை" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் சில வாரத்தை ஓட்டத்தான் குளோனாசிபாமைக் கூடச் சேர்ப்பது. காரணம் நியாயமானது. ஆனால் ஒரே மாத்திரையாகக் கொடுத்தால் குளோனாசிபாமை மட்டும் குறைக்க வழியில்லை. பாதியாக உடைத்தால் இரண்டும் பாதியாகும். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது: "இரண்டையும் தனித்தனியா எழுத முடியுமா? எஸ்சிடலோபிராமை 5-லிருந்து ஆரம்பிக்கலாமா? குளோனாசிபாம் தேவையா, தேவைன்னா எந்தத் தேதியில நிறுத்தறது?" வயதானவர்களுக்கு 5-ல் தொடங்குவது வழக்கம்தான். 65 தாண்டியவர்களுக்கு 10 மி.கி.தான் உச்சவரம்பு.

ஒத்தையடிப்பாதை:
மேலே சொன்னதோடு, அம்மாவின் மற்ற மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியல் மனநல மருத்துவர் கைக்குப் போனதா? பல இடங்களில் பழைய சீட்டை யாரும் கேட்பதில்லை, நாமும் காட்டுவதில்லை.

முக்கியமானது சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்புச்சத்து. எஸ்சிடலோபிராமும் குறைக்கும், பி.பி. மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடும் குறைக்கும். வயதான பெண்களிடம் இது அதிகம். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது கீழே இறங்கினால் தலைவலி, சோர்வு, தடுமாற்றம், குழப்பமான பேச்சு என்று வரும். வீட்டில் "வயசாயிடுச்சு, மறதி" என்று விட்டுவிடுவார்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை சோடியம் பார்த்துவிடுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். தயசைடு இல்லாத பி.பி. மாத்திரைக்கு மாற்றலாமா என்று பி.பி. பார்க்கும் டாக்டரையும் கேளுங்கள்.

அடுத்தது டைக்ளோஃபெனாக். இதுவும் எஸ்சிடலோபிராமும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். மூட்டுவலிக்குப் பாராசிட்டமாலோ மேலே தடவும் ஜெல்லோ போதுமா என்று கேட்டுப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

அந்த கேப்சூலில் பான்டோபிரசோலால் தொந்தரவில்லை, டாம்பெரிடோன்தான் சிக்கல். எஸ்சிடலோபிராம், டாம்பெரிடோன் இரண்டுமே இ.சி.ஜி.யில் கியூ.டி. என்ற இடைவெளியை நீட்டுபவை, அதிகம் நீண்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். பான்டோபிரசோல் மட்டும் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். மெடிக்கல்ஸில் அதற்குப் பதில் ஓமெப்ரசோல் கொடுத்தால் வாங்காதீர்கள், அது எஸ்சிடலோபிராமின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். முதல் வாரக் குமட்டலுக்கும் கடையில் டாம்பெரிடோன் கேட்டு வாங்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு போட்டாலே பெரும்பாலும் அடங்கும்.

வேப்பமரத்தடி:
இங்கிலீஷ் மாத்திரையே எதுக்குங்க? அமுக்கரா சூரணம் பாலில் கலந்து ராத்திரி கொடுங்க. பக்கவிளைவே கிடையாது.

மருந்துப்பெட்டி:
வேப்பமரத்தடி ஐயா, வேலை செய்யும் எதற்கும் பக்கவிளைவு உண்டு. அமுக்கராவால் கல்லீரல் பாதிப்பும் தைராய்டு ஏற்றமும் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. குளோனாசிபாமோடு சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும். கொடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், மறைத்து வேண்டாம்.

தெற்குவாசல்:
மாத்திரையா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் பதட்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? ஜி.ஏ.டி-7 என்று ஏழு கேள்விப் பட்டியல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 5 தொட்டால் லேசானது, 10 தொட்டால் நடுத்தரம், 15 தொட்டால் கடுமை. 9 வந்தால் காபியை இரண்டு டம்ளரிலிருந்து காலை ஒன்றாக்குவது, நடை, ஆலோசனை என்று சில வாரம் பொறுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. 15 வந்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுகிறார் என்றால் காத்திருப்பதால் லாபமில்லை. மதிப்பெண்ணை எழுதி வையுங்கள், ஆறு வாரம் கழித்துத் திரும்பப் போட்டால்தான் மருந்து கேட்கிறதா என்று தெரியும். "பரவாயில்ல மாதிரிதான் இருக்கு" என்பதை வைத்து டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது.

மாத்திரைக்கு இணையான இன்னொரு வழி சி.பி.டி. என்கிற பேச்சுச் சிகிச்சை. வாரம் ஒரு மணி நேரம், 12 முதல் 15 அமர்வு. பிரிட்டனின் நைஸ் என்ற அமைப்பு மருத்துவர்களுக்கு வெளியிடும் வழிகாட்டி இதையும் மாத்திரையையும் ஒரே படியில் வைத்து, நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறது. குளோனாசிபாம் வகையை நெருக்கடியில் சில நாள் தவிரக் கொடுக்காதீர்கள் என்றும் சொல்கிறது. நம் ஊரில் சிக்கல், முறையாகச் செய்யும் உளவியலாளர் பக்கத்தில் கிடைப்பது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள், அங்கே மாத்திரையும் இலவசம். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், அம்மாவே பேசட்டும்.

இன்னொன்று, குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ மனநோய் (பைபோலார்: கொஞ்ச நாள் கடும் சோர்வு, கொஞ்ச நாள் அளவுமீறிய உற்சாகம்) இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எஸ்சிடலோபிராம் வகை மனநிலையை அந்த அளவுமீறிய உற்சாகத்துக்குத் தூக்கிவிடலாம்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. டைக்ளோஃபெனாக்கை டாக்டரிடம் சொல்லவே இல்லை. நாளை மறுநாள் எல்லா அட்டையையும் எடுத்துக்கொண்டு போகிறோம். ஒரு சந்தேகம்: நல்லாகிவிட்டால் எப்போது நிறுத்துவது? ஒரு நாள் மறந்துவிட்டால்?

மருந்துப்பெட்டி:
மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வரும்போது போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்ததென்றால் அன்றைய ஒன்று மட்டும், இரண்டாகப் போடக்கூடாது. தூக்கம் கெடுகிறது என்றால் எஸ்சிடலோபிராமைக் காலைக்கு மாற்றக் கேளுங்கள்.

நிறுத்துவது நல்லான உடனே கிடையாது. வேலை செய்தால் குறைந்தது ஒரு வருடம் தொடரச் சொல்கிறது அதே நைஸ் வழிகாட்டி. இரண்டாம் மாதத்தில் "சரியாயிடுச்சே" என்று விடுவது திரும்ப வர ஒரு முக்கியக் காரணம். விடும்போது 10, 5, 2.5 என்று ஒவ்வொரு படியிலும் சில வாரம் இருந்து இறங்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது மாதிரி ஒரு உணர்வு, விசித்திரக் கனவு எல்லாம் வரலாம். சித்தி மாதிரி ஆட்கள் இதைப் பார்த்துத்தான் "விட முடியாது" என்று முடிவு கட்டுகிறார்கள். திரும்ப வரும் பதட்டம் வாரக்கணக்கில் மெதுவாக ஏறும். விட்டதால் வருவது இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கி, மாத்திரை திரும்பப் போட்டால் சீக்கிரம் அடங்கும்.

ஒத்தையடிப்பாதை:
போகும்போது இ.சி.ஜி. தாளையும் எடுத்துப் போங்கள், கியூ.டி. அளவு அதிலேயே அச்சாகியிருக்கும். சோடியம் பரிசோதனைக்குச் சீட்டு அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த சந்திப்பு ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு வாரத்தில் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.