சுழலும் வீலில் எரியும் அலங்கார லைட்டுக்குக் கரண்ட் எப்படிப் போகிறது? கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

கார்பன்_பிரஷ்
ஸ்லிப் ரிங் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் ஏற்றும் வளையம்) போட்ட வீல். ஹப்பின் உள்பக்கம் ஒரே ஒரு செம்பு வளையம், பிளஸ் மட்டும் அதில் உரசும் கார்பன் பிரஷ் வழியாக ஏறுகிறது. நெகட்டிவுக்கு பாடி எர்த், வண்டியின் இரும்பு உடம்பே வயர். அதாவது திரும்பும் கரண்ட் வீல் பேரிங் வழியாகத்தான் வந்தாக வேண்டும். நிற்கும்போது விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஓட ஆரம்பித்ததும் வெட்டுகிறது. பேரிங்கைப் பிரித்தால் தடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வரிவரியாகக் கோடு. சுழலும்போது குண்டுக்கும் தடத்துக்கும் நடுவில் கிரீஸ் படலம் வந்துவிடும். கரண்ட் அதைப் பொறியாகத் தாண்டும், ஒவ்வொரு பொறியும் இரும்பில் ஒரு பொடிக் குழி. நெகட்டிவுக்கும் இரண்டாவது வளையம் ஒன்று இருந்திருந்தால் நல்ல பேரிங் பிழைத்திருக்கும்.

ரிம்_ரிங்
ஸ்லிப் ரிங்கே எதற்கு? கார்களில் வீலுக்குள் எரியும் ரிங் லைட் பெரும்பாலும் சுழல்வதே இல்லை. பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் டஸ்ட் ஷீல்டில் (தூசி மறைக்கும் தகட்டில்) அசையாமல் நிற்கிறது, வெளிச்சம்தான் ஸ்போக் இடுக்கில் வருகிறது. அண்மையில் ஒன்றில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது, அதுவும் இடதுபக்கம் முழுக்க ஒடிக்கும்போது மட்டும். டயரின் உள்சுவரில் உரசி, வயரின் ஒரு பக்கத் தோல் மட்டும் சீவி எடுத்ததுபோல் செம்பு மின்னியது.

மாட்டுகிறவர்களுக்கு: வயரை ஏ.பி.எஸ். சென்சார் (வீல் வேகத்தை அளப்பது) வயர் போகும் வழியிலேயே கொண்டு போங்கள், வளைவும் தொய்வும் எவ்வளவு வேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே கணக்குப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பிரேக் ஹோஸோடு வயரைச் சேர்த்து டேக் போட்டு இறுக்காதீர்கள். ஜாக்கி ஏற்றி வீல் தொங்கும்போது ஒருமுறை, தரையில் இறக்கியபின் ஒருமுறை, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். லைட் பக்கத்தில் வைத்தால் நடுவில் உரசும் வயருக்குக் காப்பே இல்லை. பாடிக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் (விளிம்பு வயரை வெட்டாமல் காக்கும் வளையம்) கட்டாயம். டிஸ்க் சூட்டுக்கு சாதாரண பி.வி.சி. வயர் இளகிவிடும், சிலிக்கான் உறை போட்டதை வாங்குங்கள்.

பட்டன்_செல்
பைக்குக்கு அந்த வழி சரிவராது, மறைக்க இடமே இல்லை. ரிம்மில் ஒட்டிய பேட்டரி லைட் ஒன்று: வேகம் 40 கி.மீ. தாண்டினால் அணையும், பிரேக் பிடித்ததும் எரியும். செல் தீரவில்லை. 30 செ.மீ. ஆரமுள்ள வீல் 60 கி.மீ. வேகத்தில் ஓடினால், மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும் பொருள் தன் எடையைப்போல் 60 மடங்குக்கு மேல் வெளியே இழுக்கும். 3 கிராம் சி.ஆர்.2032 பட்டன் செல் 190 கிராம் போல நடந்துகொள்ளும். ஹோல்டரின் தகடு ஸ்பிரிங் வெளிப்பக்கம் இருந்ததால் செல் அதை நசுக்கிக்கொண்டு நகர்ந்து, உள்பக்கத்து முனையை விட்டுவிட்டது. ஹோல்டரைத் திருப்பி ஸ்பிரிங்கை ஹப் பக்கம் வைத்ததும் எந்த வேகத்திலும் அணையவில்லை.

ஸ்டியரிங்_ரிப்பன்
ஸ்டியரிங்கில் ஹாரனுக்குச் சுருள் ரிப்பன் போகிறதே, அதையே வீலில் போட்டால் பிரஷ் தேய்மானம் இருக்காதே?

கார்பன்_பிரஷ்
கூடவே கூடாது. அது இரண்டு பக்கமும் சில சுற்றுக்கு மட்டும் சுருண்டு விரியும் ரிப்பன். வீல் ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், தெருமுனை தாண்டுவதற்குள் அறுந்துவிடும்.

காயில்_காந்தம்
பேட்டரியும் பிரஷும் இல்லாமல் செய்யலாம்: காந்தங்கள் அசையாத பிராக்கெட்டில், காயில் வீலில். காந்தத்தைத் தாண்டும்போது காயிலில் கரண்ட் பிறக்கும். வோல்டேஜ் வேகத்தோடு ஏறும், சிக்கலும் அங்கேதான். வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட், காயிலின் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் சாதா டயோடு பிரிட்ஜ் 1.4 வோல்ட் விழுங்கும். ஆக 15 கி.மீ.யில் 4.4 கிடைக்கும்படி சுற்றினால் 60 கி.மீ.யில் அதுவே 17.6. கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இல்லையென்றால் எல்.இ.டி. கருகும். குறைவாக வோல்ட் விழுங்கும் ஷாட்கி டயோடு போட்டால் மெதுவாகப் போகும்போதே எரியத் தொடங்கும்.

இவ்வளவும் சரியாக இருந்த ஒரு வீலில், காந்தத்தின் மேல் பிரேக் தூசி முள்முள்ளாக எழுந்து நின்றது. அத்தனையும் இரும்புத்தூள். 3 மி.மீ. இடைவெளியில் அது காயிலை ஒவ்வொரு சுற்றிலும் வருடி, கம்பியின் எனாமல் பூச்சைத் தேய்த்து, சுற்றுகளை ஒன்றோடொன்று ஷார்ட் ஆக்கியிருந்தது. காயிலை எபாக்சியில் முழுக்க மூழ்கடித்து எடுங்கள். காந்தத்தில் சேரும் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். துணியால் துடைத்தால் தூள் பக்கவாட்டில் நகருமே தவிர விடாது.