கோடைத் தட்டுப்பாடு: விடுதியில் தண்ணீரை எங்கே குறைப்பது?

கேள்வி:
வேலூரில் மருத்துவமனையை ஒட்டிய தெருவில் இருபது அறைகள் கொண்ட தங்கும் விடுதியும், கீழே சிறிய உணவகமும் நடத்துகிறேன். ஆழ்துளைக் கிணறு சித்திரையிலேயே கைவிட்டதால் டேங்கர் லாரியை நம்பியிருக்கிறோம். தண்ணீரைச் சேமிப்பதாக உறுதிமொழி எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டலாம் என்கிறார் தம்பி. ஆனால் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களிடம் எவ்வளவு கட்டுப்பாடு விதிக்கலாம்?

பதில் 1:
நோயாளிகளின் குளியலில் கை வைக்காதீர்கள், ஐயா. கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டிக்குள் மணல் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு லிட்டர் மிஞ்சும். நாங்கள் ஷவரைக் கழற்றிவிட்டு வாளியும் குவளையும் வைத்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

பதில் 2:
உணவகத்தில்தான் வீணடிப்பு அதிகம் என்பது என் கருத்து. மேசைதோறும் நிரப்பி வைக்கும் டம்ளர்களில் பாதித் தண்ணீர் குடிக்கப்படாமலே கொட்டப்படுகிறது. கேட்டவருக்கு மட்டும் ஊற்றுங்கள். தட்டுக்குப் பதில் வாழையிலை போட்டால் கழுவும் வேலை குறையும். 2019 ஜூலையில் நம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் சென்னைக்குப் போனது. அந்தக் கோடையில் அங்கே சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தியிருந்தன. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு லாரிக்குக் காத்திருக்கும் நமக்கு அந்த நிலை தூரமில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை இன்று முதல் தரை துடைக்கப் பிடித்து வைக்கிறோம். உறுதிமொழியில் அதுவே முதல் வரி.