குரூப் கேட்ட அன்றைக்கே முடிந்த விஷயம்

எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். வீட்டில் எப்போதும் நாலைந்து உம்பளாச்சேரி மாடுகள் நிற்கும். கன்று பிறக்கும்போது செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சில மாதங்களில் அந்தச் சிவப்பு போய்ச் சாம்பல் வந்துவிடும். சேற்று உழவுக்கு இதை விட்டால் வேறு மாடு கிடையாது என்பார் தாத்தா. (வயலில் டிராக்டர் இறங்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தாத்தாவிடம் அதைச் சொல்ல முடியாது.)

2013, பத்தாவது லீவு. ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. ராத்திரி பதினொரு மணிக்கு வந்த மாட்டு டாக்டருக்கு டார்ச் பிடித்தது நான்தான். உள்ளே மடங்கிக் கிடந்த காலை அவர் நேராக்கி இழுத்ததை அரை மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்தேன். கை கழுவும்போது, "பயமா இல்லையா பாப்பா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இதையே படி. ஒரத்தநாட்டுல போன வருஷம்தான் காலேஜ் ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். அன்று முதல் எனக்கு அதே நினைப்பு.

ஜூனில் பிளஸ் ஒன் சேர்க்கை. நான் 500க்கு 412. முதல் குரூப் என்னைவிட மார்க் அதிகம் எடுத்தவர்களோடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பா, தாவரவியல் விலங்கியல் இருக்கிற ப்யூர் சயின்ஸா என்று மேஜையில் இருந்த ஆசிரியர் கேட்டார். "கம்ப்யூட்டர்னா ஸ்கோப் இருக்கும்ல சார்?" என்றார் அப்பா. அவரும் ஆமாம் என்று தலையாட்டி எழுதிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கணக்கு வராதவர்கள்தான் ப்யூர் சயின்ஸ் எடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதனால் நானும் சந்தோஷமாகவே தலையாட்டினேன்.

2015இல் ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினேன், விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று கேட்க. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "பயாலஜி எங்கம்மா?"

கால்நடை மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸில் நான் வாங்கிய 186ஐ வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. திருவாரூர் பக்கம் பி.சி.ஏ. சேர்ந்தேன். அதைப் பிடிக்காமல் படித்தேன் என்று சொன்னால் பொய். இரண்டாம் செமஸ்டரில் நான் எழுதிய ஒரு புரோகிராம் முதல்முறையாகப் பிழையில்லாமல் ஓடியபோது விடுதியில் கத்தியிருக்கிறேன். இப்போது தஞ்சாவூரில் கணக்கு மென்பொருள் வேலை, சம்பளம் ஒழுங்காக வருகிறது. அப்பா மேலும் கோபம் இல்லை, அந்த ஆசிரியர் மேலும் இல்லை. ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் இரண்டு நிமிடம் யோசிக்கவாவது விட்டிருக்கலாம்.

போன ஜூனில் சித்தப்பா பையன் பத்தாவது முடித்தான். அவனை உட்கார வைத்து, பிடித்த படிப்பு நாலைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன பாடம் வேண்டும் என்று எழுதினோம். இன்ஜினீயரிங்குக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல். கால்நடைக்கு உயிரியல். சட்டத்துக்கும் சி.ஏ.வுக்கும் எந்த குரூப்பும் சரி. கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் எடுத்தால் நாலுமே கைவசம் இருக்கும். பள்ளியில் முதலில் இடமில்லை என்றார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போனோம். பாலிடெக்னிக்குக்கு இரண்டு பேர் போயிருந்தார்கள், இடம் கிடைத்தது. இப்போது கணக்கு டெஸ்ட் வரும்போதெல்லாம் பையன் எனக்குப் போன் போட்டுத் திட்டுகிறான்.

*

மன்னார்குடியிலிருந்து ஒரு அப்பா:

எங்கள் வீட்டில் குரூப் சரி, இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கோட்டை விட்டோம். மகளுக்கு 200க்கு 168 கட் ஆஃப், ஆசை எலக்ட்ரானிக்ஸ் பிரிவான ஈ.சி.இ. மேல். சாய்ஸ் பட்டியலை பிரவுசிங் சென்டர் தம்பியிடம் விட்டுவிட்டேன். அவர் பெரிய கல்லூரிகளை மேலே வைத்து, ஒவ்வொன்றிலும் இருக்கிற எல்லாப் பிரிவையும் வரிசையாகச் சேர்த்துவிட்டார். நாலாவதாக ஒரு கல்லூரியின் சிவில், ஒன்பதாவதாகத் தஞ்சாவூரில் ஈ.சி.இ. பட்டியலை மேலிருந்து பார்த்து, முதலில் காலியாக இருப்பதைத்தான் கொடுப்பார்கள். சிவில் வந்தது. 'ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்' என்று கொடுத்தாலும் முதல் மூன்றுக்குத்தான் வாய்ப்பு. கீழே இருக்கிற ஒன்பதுக்கு இறங்கிப் போக வழியே இல்லை. பட்டியலை வீட்டில் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஐம்பது ரூபாய் கொடுத்து அடுத்தவர் கையில் விட்டது என் தப்பு.

*

கும்பகோணம்:

இங்கே அரசு கலைக் கல்லூரியில் நான் வரலாறு. விரும்பி எடுத்ததில்லை. இயற்பியல் கேட்டுப் போனேன், என் முறை வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. "வரலாறு இருக்கு, சேர்றியாப்பா?" என்றார்கள். காவிரிக் கரையில் அதே கல்லூரியில்தான் ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் தோற்று அதை இழந்தார். அவருக்கே அந்த கதி என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

முதல் வருடம் வகுப்பில் தூங்கினேன். இரண்டாம் வருடம் பேராசிரியர் தாராசுரம் கோயிலுக்கு அழைத்துப் போனார். அடிப்பகுதியில் சின்னச் சின்னதாக வரிசையாகச் செதுக்கியிருக்கும் நாயன்மார் கதைகளைக் காட்டி, "இதுல யாரு யாருன்னு கண்டுபிடி" என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சாயங்காலம் வாட்ச்மேன் வந்து வெளியே அனுப்புகிற வரை நான் அங்கேதான் இருந்தேன். இயற்பியல் கிடைத்திருந்தால் நன்றாகப் படித்திருப்பேனா, தெரியவில்லை.

ஒரு சந்தேகம், தலைஞாயிறு அக்கா: அந்த டாக்டர் 2013லேயே பயாலஜி எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

*

தலைஞாயிறு:

நானும் பிற்பாடு அவரிடம் கேட்டேன். "பயாலஜி எடுக்காம யாராவது மாட்டு டாக்டருக்குப் படிப்பாங்களாம்மா? உனக்குத் தெரியும்னுதான் நினைச்சேன்" என்றார்.