கீழ்த்தாடை ஸ்கேன்ல ரெண்டாவது கால்வாயா இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் எல்லாருக்கும். மலேசியா சுங்கை சிப்புட்லருந்து எழுதுறேன், பல் மருத்துவம் மேல்படிப்பு, கீழ்த்தாடை நரம்புக் கால்வாய் ரெண்டா பிரியறத சிபிசிடி (தாடைய முப்பரிமாணமா காட்டுற எக்ஸ்ரே) ஸ்கேன்ல தேடுறதுதான் ஆய்வு. 60 ஸ்கேன், வாக்சல் (முப்பரிமாணப் படத்தோட ஒரு புள்ளி) 0.3 மில்லிமீட்டர், மூணு வாரமா ஒரே எடத்துல நிக்கிறேன்.

கடைசி கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால மெயின் கால்வாயிலருந்து முடி மாதிரி ஒரு கருப்புக் கோடு மேல ஏறுது, நாலஞ்சு ஸ்லைஸ் தெளிவா வருது, அப்புறம் எலும்புச் சல்லடைக்குள்ள கரைஞ்சு போயிடுது. இது ரெட்ரோமோலார் கால்வாயா (கடைசி கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால ஏறுற கிளை), வெறும் எலும்பு இடைவெளியா?

ஓபிஜில (முழுத் தாடையும் ஒரே படத்துல வர்ற தட்டை எக்ஸ்ரே) பாத்தா ஒண்ணும் தெரியல, அதுல தாடையோட உள்பக்கத்துல நரம்பு ஓடுற மைலோஹையாய்ட் பள்ளமே ரெட்டைக் கோடா தெரிஞ்சு ஏமாத்தும். கோரனல், சாஜிட்டல், கிராஸ் செக்‌ஷன் னு வெட்டுற கோணம் எல்லாம் மாத்தி, ஸ்லைஸ் தடிமன ஏத்தி எறக்கி, ரூம்ல லைட்ட அணைச்சுட்டும் பாத்தாச்சு. இந்தக் கிளைக் கால்வாய்கள வகை பிரிக்கிற 2009 நைத்தோ வகைப்பாட்ட வச்சு எண்ணுனேன், ரெண்டு வாரம் கழிச்சு நானே திரும்ப எண்ணுனா வேற கணக்கு வருது. எங்க தோட்டத்து அம்மாங்க ரெண்டு ஊசி போட்டும் மரத்துப்போகலன்னு சொன்னாங்க, ரெண்டாவது கால்வாய்ல ஓடுற நரம்பு ஊசிக்குத் தப்பிடுதோன்னுதான் இந்தத் தலைப்பையே எடுத்தேன், தப்பா எண்ணிட்டுப் போக மனசு வரல.

0.3 வாக்சல்ல, ஒரு கோடு எங்க ஆரம்பிச்சு எதுவரைக்கும் விடாம தெரிஞ்சா அத கால்வாய்னு கணக்குல சேக்குறீங்க?