சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி, கோம்பை: உங்கள் நாயோடு நடந்த, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

கரிசல்மண்

நானே ஆரம்பிக்கிறேன். சிப்பிப்பாறை, பெண், பெயர் சிட்டு. மெலிந்திருப்பதைப் பார்த்து "சோறு போடுறீங்களா இல்லையா" என்று தெருவில் கேட்பவர்களைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, எல்லாரும் அனுபவித்திருப்பீர்கள். ஆனால் போன மாதம் நடந்தது வேறு. பார்க் வாசலில் ஒரு பெரியம்மா எங்களை நிறுத்தினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, கீழே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டே, "உன்னப் பெத்தவ பக்கத்துல இருந்தா இப்படி விட்டிருப்பாளா கண்ணு" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நான் சொல்லிப் பார்த்தேன்: அம்மா, இது ஓடுகிற இனம், கடைசி விலா எலும்புகள் தெரியத்தான் செய்யும், வயிறு உள்வாங்கித்தான் இருக்கும், டாக்டர் எடை பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொன்னார், காலையில்தான் கோழியும் கேழ்வரகும் சாப்பிட்டது என்று. சிட்டு பிஸ்கட்டை விழுங்கிவிட்டு அவர் கையையே பார்த்தது. அதற்குமேல் நான் சொன்ன எதை அவர் நம்புவார்? எழுந்து போகும்போது ஒருமுறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னைச் சும்மா விடவில்லை. நல்ல மனசு உள்ள ஒருவர் மனதில் நான் கொடுமைக்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெண்ணிலா அப்பா

எங்களுடையது ராஜபாளையம், பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. கைசாடையில்தான் பேச்சு. தூங்கும்போது எழுப்ப வேண்டுமென்றால் தரையை மிதிப்போம், அதிர்வு தெரிந்ததும் தலையைத் தூக்கும். இருட்டில் டார்ச்சை இரண்டு தடவை அடித்தால் வந்துவிடும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் சிலிண்டர் வந்த நேரம், கேட் திறந்திருந்தது, நான் எதிர்ச்சாரிக் கடையில் நின்றிருந்தேன். வெண்ணிலா என்னைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டது. பக்கவாட்டில் மினி பஸ். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை, தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, அது மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியபடி நடுரோட்டுக்கு வருகிறது. கத்தி என்ன பயன்? உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன், "நில், உட்கார்" என்று நாங்கள் பழக்கிய சாடை. பாதி ரோட்டில் அப்படியே உட்கார்ந்தது. பஸ் அதற்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் கடந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, "இவ்வளவு ஹாரன் அடிக்கிறேன், செவிட்டு நாயா அது?" என்று கத்தினார். "ஆமாண்ணே" என்றேன். அவர் முகம் மாறியதே, அதுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வந்து அதன் தலையைத் தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் வண்டியை எடுத்தார்.

மேற்குமலை

வெண்ணிலா அப்பா, நாய் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் குட்டி வாங்கும்போதே பார்க்க வேண்டியது இது, அடுத்து வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். 2005இல் தபால்துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய இனங்களில் ராஜபாளையமும் ஒன்று, பெருமைதான். அந்தப் பெருமைக்காகவே உடம்பில் ஒரு பொட்டு இல்லாத பால்வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று பிடிவாதம் பிடிக்கிறோம். உடம்புக்கு நிறம் தருகிற அதே செல்கள் உள்காதுக்கும் வேண்டும், அங்கே அவை இல்லையென்றால் பிறந்த சில வாரங்களிலேயே சத்தத்தை வாங்குகிற செல்கள் பட்டுப்போகும். ஐந்து, ஆறு வாரக் குட்டியைக் கூடப்பிறந்தவற்றிடமிருந்து பிரித்துத் தனியாக விடுங்கள், இல்லையென்றால் மற்றவை ஓடுவதைப் பார்த்து இதுவும் ஓடிவிடும், கேட்ட மாதிரியே இருக்கும். பின்னால் நின்று சத்தம் கொடுங்கள், பக்கத்தில் போய்க் கைதட்டாதீர்கள், காற்று பட்டுத் திரும்பும். தூங்கும்போது கொஞ்ச தூரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது, அதற்கு மூளைக்குப் போகும் அலையை அளக்கிற பேயர் பரிசோதனைதான் ஒரே வழி. இரண்டு காதும் போன நாயை இணை சேர்க்கவே கூடாது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. தாத்தா காலத்தில் தோட்டத்தில் மூன்று நாய் இருந்தது, ஒன்றுக்கும் ஊசி போட்டதில்லை. நம்ம மண்ணில் பிறந்ததற்கு எந்த நோயும் அண்டாது. வெளிநாட்டு இனங்களுக்குத்தான் மாதம் ஒரு ஆஸ்பத்திரி.

கோவில்பட்டிப் பக்கம்

மேற்குமலை அண்ணாச்சி, காது விஷயம் எல்லாம் சரி, கடைசி நாலு வரியை யாரும் நம்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கருங்கன்னி பொங்கல் கழிந்த வாரம் கூழைத் தொடவில்லை. மறுநாள் திண்ணையில் படுத்தபடி ஒரு தும்மல். சுண்ணாம்பு அடித்த சுவர் முழுக்க ரத்தப் புள்ளி. அம்மா பார்த்துவிட்டுக் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கிறது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, எர்லிக்கியா, உண்ணி கடித்து வருவது, ரத்தம் உறைய வைக்கிற தட்டணுக்கள் அடியோடு குறைந்துவிட்டன என்றார். டாக்ஸிசைக்ளின் 28 நாள். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குமட்டும். பிழைத்துக்கொண்டது. அந்தச் சுவருக்கு மறுபடி வெள்ளை அடித்தோம், ஆனாலும் அந்தப் பக்கம் போனால் என் கண் தேடுகிறது.

உண்ணி, இது கன்னியா லாப்ரடாரா என்று கேட்டுக் கடிப்பதில்லை. குட்டிகளைக் கொல்லுகிற பார்வோ வைரஸும் அப்படித்தான். தாத்தா காலத்தில் ஒரு ஈற்றில் எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை பிழைத்தது என்று யார் எழுதி வைத்தார்கள்? பிழைத்ததுதான் நம் கண்ணில் நின்றது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் வரைக்கும். வெறிநாய்க்கடி ஊசி தனி, அது நாய்க்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காகவும்.

கரிசல்மண், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: சிட்டுவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும்போது, கிரேஹவுண்ட் மாதிரி உடல்வாகு, கொழுப்பே கிடையாது என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். தியோபென்டோன் வகை மயக்க மருந்து இந்த உடம்புகளில் தெளிய வெகுநேரம் எடுக்கும், இப்போது வேறு மருந்துகள் இருக்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கு

கோம்பை. செவலை, மூஞ்சி மட்டும் கறுப்பு. என் அக்கா பிரசவம் முடிந்து குழந்தையோடு வந்த அன்றிலிருந்து தூளிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாமாவின் அம்மா பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்தார்கள். ஆசையாக ஒரு கொலுசு வாங்கி வந்திருந்தார்கள். தூளிப் பக்கம் கை நீட்டினதுதான், எழுந்து நடுவில் நின்றது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, முதுகு முடி சிலிர்க்க, உதடு லேசாகத் தூக்க, அடித்தொண்டையில் ஒரு சத்தம். ஆச்சி கொலுசைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். "நான் அந்நியமாடி?" என்று அக்காவைக் கேட்டார்களே தவிர நாயைத் திட்டவில்லை.

அப்புறம் ஆச்சி கையாலேயே தினமும் அதற்குச் சோறு வைக்கச் சொன்னோம், கருவாட்டுத் தலை போட்டு. ஊருக்குக் கிளம்புவதற்குள் ஆச்சி உட்கார்ந்தால் பக்கத்தில் போய்ப் படுக்கிற அளவுக்கு வந்தது. ஆனால் கொலுசை ஆச்சி கையால் போட்டுவிடவில்லை, அக்காதான் போட்டாள்.

மதுரை வெயில்

கோம்பைக்காரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், தூளிக்கு அடியில் படுக்கவிட்டதைப் படிக்கும்போதே பதறுகிறது. எவ்வளவு பாசமான நாயாக இருந்தாலும் பச்சைக் குழந்தையோடு பெரியவர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது.

நான் பார்த்தது வேறு. எங்களிடம் இருப்பது தெருவில் எடுத்த நாய், ஊசிக்குப் போயிருந்தேன், அக்னி நட்சத்திரம். ஒரு தம்பி ஹஸ்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். வீட்டில் கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டதாம். நாக்கு கருஞ்சிவப்பு, கண் எங்கோ பார்க்கிறது, கால் நான்கும் விறைப்பு. நாய்க்குச் சாதாரணமாக 101, 102 டிகிரி இருக்கும், இதற்கு 107க்கு மேல் போய்விட்டது. டாக்டரும் உதவியாளரும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஃபேனைப் பக்கத்தில் வைத்தார்கள். நாங்களும் வரிசையை விட்டு எழுந்து வாளி வாளியாக எடுத்துக் கொடுத்தோம். அது பிழைத்ததா என்று தெரியாது, எங்கள் முறை முடிந்து கிளம்பும்போது உள்ளேதான் இருந்தது. அந்தத் தம்பி, "ஆசையாத்தான் சார் வாங்கினேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்கிற நாய் சார் அது. விற்கிறவன் மதுரையில் வைத்து எப்படி விற்கிறான்? சுட்டெரிக்கிறது என்று அதன் முடியை மழிக்கவும் செய்யாதீர்கள், அந்த இரட்டை முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கு

தூளி இருந்த அறையில் அக்காவோ அம்மாவோ எப்போதும் இருந்தார்கள். நான் எழுதவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொன்னது சரியே.

வெண்ணிலா அப்பா

மேற்குமலை சார், விவரம் எல்லாம் நல்ல விவரம். ஆனால் "வாங்கும்போதே பார்க்க வேண்டியது" என்றீர்கள். பார்த்துத்தான் வாங்கினோம். தட்டைப் போட்டார்கள், திரும்பவில்லை, வளர்ப்பவர் "இதை யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார். அதனால்தான் எடுத்தோம். கருத்தடையும் செய்தாகிவிட்டது.

வானம்பார்த்த பூமி

பால்கன்னி, ஆண். முயல் வேட்டை என்று எழுதினால் திட்டு விழும், விழவேண்டியதுதான், காட்டு முயலைப் பிடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. சோளம் அறுத்த காட்டில் கயிற்றோடுதான் நடத்திக் கூட்டிப் போவேன். அன்றைக்குக் கழுத்துப்பட்டை நழுவிவிட்டது, இந்த இனங்களுக்குக் கழுத்தைவிடத் தலை குறுகல் என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு முயல் கிளம்பியது. வீட்டில் நான் இருமினால் எழுந்து வருகிற நாய், நான் கூப்பிட்ட எதையும் காதில் வாங்கவில்லை. நாலு காலும் தரையில் படாமல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். எத்தனை வருடம் வளர்த்திருக்கிறேன், அது இவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியாது. முயல் வேலிக்குள் புகுந்துவிட்டது, இது சீமைக்கருவேலத்தில் போய் இடித்துத் திரும்பியது, நொண்டிக்கொண்டு. அதற்குப் பிறகு தலையைவிட்டு நழுவாத அகலப்பட்டை வாங்கியாயிற்று. ஆனால் மாடியில் கட்டிப்போடும்போதெல்லாம் அந்த ஓட்டம்தான் மனதில் ஓடுகிறது. நாலு பக்கமும் வேலி போட்ட காலி இடம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விருதுநகர், சாத்தூர் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் போதும். முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்றும் சந்தேகம், உள்ளங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

கோவில்பட்டிப் பக்கம்

ஊசியால் நோண்டாதீர்கள் தம்பி. கருவேல முள் உள்ளே இருந்தால் சீழ் வைத்துவிடும், நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இடத்துக்கு எங்கள் சித்தப்பா தோட்டம் இருக்கிறது, கம்பி வேலி, கிணற்றுக்கும் சுவர் உண்டு. கால் ஆறியதும் கூட்டி வாருங்கள், என் கருங்கன்னியையும் அவிழ்த்துவிடுகிறேன்.