ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட் 2ஆம் சீசன் முடிச்சாச்சு. கோபமா, வருத்தமான்னு தெரியல. மாங்காவை (மூலமான ஜப்பானியக் காமிக்ஸை) எங்கிருந்து தொடங்கலாம்?

மதில்மேல்_பூனை:

(ரெண்டு சீசனோட ஸ்பாய்லரும் இருக்கு. பார்க்காதவங்க இப்படியே திரும்பிடுங்க.)

தெரியாதவங்களுக்கு: இது ஜப்பானிய அனிமேஷன் தொடர் (அனிமே). எம்மா, நார்மன், ரே எல்லாம் வளர்ற அனாதை இல்லம் உண்மையில அரக்கர்களுக்குச் சாப்பாடா குழந்தைங்களை வளர்க்கிற பண்ணை; அது தெரிஞ்சு தப்பிக்கிறதுதான் கதை. முதல் சீசன் 12 எபிசோடும் ஒரே மூச்சுல போச்சு. ரெண்டாவது 11 எபிசோட். அதுல கடைசி எபிசோட் முடியிற நேரத்துல கதை நின்னு வெறும் படங்களா ஓடுது. எம்மா ஏதோ சாமி மாதிரி ஒண்ணுகிட்ட நிக்கிறா, ஏதோ அரண்மனை, ஏதோ பயணம், அப்புறம் எல்லாரும் மனுஷ உலகத்துல ஒண்ணு சேர்ந்துடுறாங்க. முன்னப்பின்ன தெரியாத வீட்டுக் கல்யாண ஆல்பத்தை யாரோ நம்ம முன்னாடி வேகமா புரட்டின மாதிரி இருந்துச்சு. யாரு மாப்பிள்ளைன்னே புரியல.

ஆனா முழுசா திட்டவும் வாய் வரல. குழந்தைங்களுக்கு உதவுற அரக்கர்கள் மூஜிகா, சோஞ்சு வர்ற காட்டுப் பகுதி நல்லா இருந்துச்சு. குழந்தைங்க முகத்தை மூடிக்கிட்டு அரக்கர் ஊருக்குள்ள சாப்பாடு திருடப் போறது அருமையான யோசனை. அரக்கர்களும் சந்தைக்குப் போறாங்க, பிள்ளை வளர்க்கிறாங்கன்னு காட்டுற இடத்துல கொஞ்சம் உறுத்தவும் செய்யுது. இதை மட்டும் வச்சே ஒரு சீசன் எடுத்திருக்கலாமேன்னுதான் தோணுது. எரிச்சலே அதுதான்.

கேட்க நினைச்சது இவ்வளவுதான். மாங்காவை எந்த இடத்துல பிடிக்கணும்? ரெண்டாவது சீசன்ல மூலக்கதை எழுதினவரே வேலை செஞ்சிருக்கார்ங்கிறாங்க, அப்போ இதுதான் அவரோட முடிவுன்னு எடுத்துக்கணுமா? அப்புறம், முதல் சீசனைத் திரும்பப் பார்த்தா பழைய மாதிரி இருக்குமா, இல்ல இந்தக் கசப்பு அதுலயும் ஒட்டிக்குமா?

---

கட்டம்_கட்டமா:

5ஆம் தொகுதியில ஆரம்பிங்க. முதல் சீசன் 37ஆம் அத்தியாயத்தோட முடியுது. 5ஆம் தொகுதியில 35 முதல் 43 வரை இருக்கு. அதனால தப்பிச்சுப் போற கடைசி மூணு அத்தியாயத்தைக் காகிதத்துல ஒரு தடவை பார்த்துட்டு, 38ல புதுக் கதைக்குள்ள போயிடலாம். அந்த மூணை விட்டுடாதீங்க. அனிமேயில யார் மனசுக்குள்ளயும் குரல் கேட்காது, எல்லாம் கண்ணும் கேமராவும்தான். மாங்காவுல மனசுக்குள்ள பேசிக்கிறது நிறைய. அந்த நடைக்குப் பழகிக்க இந்த மூணு அத்தியாயம் போதும்.

பலர் செய்ற தப்பு ஒண்ணு இருக்கு. ரெண்டாவது சீசனோட முதல் எபிசோட்கள் ஓரளவு மாங்காவை ஒட்டியே போறதால, 'பிரியிற இடத்துல இருந்து படிச்சா போதும்'னு 7 இல்ல 8ஆம் தொகுதிக்குத் தாவிடுறாங்க. தாவக்கூடாது. காட்டுல எம்மா வேட்டை கத்துக்கிற இடம், சோஞ்சு மனசுல உண்மையில என்ன இருக்குங்கிறது எல்லாம் அங்கதான் விதைக்கிறாங்க. அந்த விதை முளைக்க ரொம்ப நாளாகும்.

அனிமேயும் மாங்காவும் பிரியிற இடம் எங்கன்னு தெரிஞ்சிக்கணும்னா, தப்பிச்ச குழந்தைங்க போய்ச் சேர்ற பி06-32 பதுங்கிடம். அனிமேயில கதவைத் திறந்து இறங்கினா உள்ள ஆளில்ல. சாப்பாடு, படுக்கை, சுவர்ல கிறுக்கல், அவ்வளவுதான். மாங்காவுல இறங்கினா உள்ள ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். 13 வருஷமா தனியா இருக்கிறவன். பேரு யூகோ. அனிமே அவனை மொத்தமா தூக்கிடுச்சு. அவனைப் பத்தி இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

மொத்தம் 20 தொகுதி, 181 அத்தியாயம். ஷோனன் ஜம்ப் செயலி இந்தியாவுல வேலை செய்யுது. சந்தா கட்டினா ஒரு நாளைக்கு 100 அத்தியாயம் வரை விடும். உங்களுக்கு மிச்சம் இருக்கிறது 144. ரெண்டு நாள்ல முடிக்க முடியும், ஆனா முடிக்காதீங்க. போசுகா தெமிசு வரையிற பக்கங்கள்ல மூலைமுடுக்குல எல்லாம் ஏதாவது ஒளிஞ்சிருக்கும். போன்ல ஓட்டினா தப்பிடும், டேப்லட் இருந்தா அதுல படிங்க.

---

பின்னணி_வேலை:

முதலில் ஒரு வதந்தியைத் தள்ளிவைப்போம். 'ஆளை மாத்திட்டாங்க, அதான் கெட்டுச்சு' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். மாற்றவில்லை. இரண்டு சீசனுக்கும் ஸ்டூடியோ க்ளோவர்வொர்க்ஸ், இயக்குநர் மாமோரு கான்பே, தொடர் அமைப்பு தோஷியா ஓனோ, இசை தகாஹிரோ ஒபாதா. புதிதாக வந்து சேர்ந்தவர் மூலக்கதை ஆசிரியர் கையூ ஷிராய் மட்டும்தான். அதே சமையல்காரர்கள், அதே அடுப்பு. அரிசியும் நேரமும்தான் வேறு.

கணக்கைப் பாருங்கள். முதல் சீசன் 37 அத்தியாயத்தை 12 எபிசோடில் எடுத்தது, எபிசோடுக்கு மூன்று. மீதி 144 அத்தியாயத்தை 11 எபிசோடில் அடக்க வேண்டுமானால் எபிசோடுக்கு 13. ஓப்பனிங், எண்டிங் பாட்டுகளுக்குத் தலா ஒன்றரை நிமிடம் போனால் கதைக்கு 20 நிமிடம் சொச்சம் நிற்கும். ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றரை நிமிடம்! பழைய வேகத்திலேயே போயிருந்தால் இன்னும் 48 எபிசோட் வேண்டும், அதாவது நான்கு கூர். (ஒரு கூர் என்பது மூன்று மாத ஒளிபரப்பு, 11 முதல் 13 எபிசோட் வரை.) ஆக, சுருக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வெட்டி எறிய வேண்டும், அல்லது வேறு கதை எழுத வேண்டும். இரண்டையும் பாதிப் பாதி செய்தார்கள்.

ஏன் நான்கு கூர் கிடைக்கவில்லை? அனிமேவுக்குப் பணம் போடுவது ஸ்டூடியோ அல்ல, தயாரிப்புக் குழு. அதில் பதிப்பகம், தொலைக்காட்சி, வட்டு வெளியிடும் நிறுவனம் எல்லாம் இருக்கும். பதிப்பகத்துக்கு அனிமே என்பது பெரும்பாலும் புத்தகத்தை விற்கும் விளம்பரம். இந்த மாங்கா 2020 ஜூனில் முடிந்துவிட்டது. அக்டோபரில் வரவேண்டிய சீசன் கொரோனாவால் 2021 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. முடிந்துபோன மாங்காவுக்கு இன்னும் ஓராண்டு விளம்பரம் செய்ய யாருக்கும் ஆர்வம் இருந்திருக்காது என்பது என் ஊகம். ஊகம்தான், குழுவின் அறையில் நடந்தது நமக்குத் தெரியாது.

ஊகம் இல்லாத பகுதி இது: அந்த ஜனவரியில் க்ளோவர்வொர்க்ஸ் கையில் மூன்று தொடர்கள் ஓடின. இது, ஹோரிமியா, வொண்டர் எக் ப்ரயாரிட்டி. கடைசியாகச் சொன்னது நடுவில் ஒரு வாரம் பழைய காட்சிகளைத் தொகுத்துப் போட்டு, தன் முடிவை ஜூனில் வந்த சிறப்பு எபிசோடுக்குத் தள்ளியது. நெவர்லேண்டும் 12 வாரத்தில் ஒன்றைத் தொகுப்புக்குக் கொடுத்ததால்தான் 11 ஆனது. ஹோரிமியாவும் நீண்ட மாங்காவை 13 எபிசோடில் நெருக்கியதுதான். அது பள்ளிக் காதல் கதை, நடுவில் நாலு பூவை உருவினாலும் மாலை மாலையாகவே இருக்கும். இங்கே அத்தியாயங்கள் செங்கல் மாதிரி, கீழே இருப்பதை உருவினால் மேலே இருப்பது நிற்காது.

ஆசிரியரின் முடிவு இதுதானா என்று கேட்டீர்கள். அவர் 181 அத்தியாயத்தில் எழுதிய முடிவு ஒன்று. 11 எபிசோட் என்ற பெட்டியைக் கையில் கொடுத்து, இதற்குள் அடக்கு என்றபோது வந்தது இன்னொன்று. பெயர் இருக்கிறது என்பதற்காக இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்கத் தேவையில்லை.

---

கண்ணாமூச்சி:

பின்னணி சொன்ன கணக்கு சரிதான். ஆனா வேகம் மட்டும்தான் குத்தம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். மாங்காவை விட்டு விலகினதும் குத்தமில்ல. 2003ல வந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 51 எபிசோட். மாங்கா அப்போ பாதிகூட முடியல, ஆசிரியர் சம்மதத்தோட தனி வழியில போய் தனி முடிவு வச்சாங்க. இன்னிக்கும் அதைக் கொண்டாடுறவங்க இருக்காங்க.

இங்க உடைஞ்சது முதல் சீசன் போட்டு வச்ச விதி: எதுவும் சும்மா கிடைக்காது. முதல் எபிசோடை நினைச்சுப் பாருங்க. தத்துக் கொடுக்கிறதா சொல்லி அனுப்பின சின்னப் பொண்ணு கோனி மறந்துட்டுப் போன முயல் பொம்மையைக் கொடுக்கத்தான் எம்மாவும் நார்மனும் வாசலுக்குப் போறாங்க. வண்டியில எட்டிப் பார்க்கிறாங்க, நெஞ்சுல சிவப்புப் பூ செருகின கோனியோட உடல். அவங்க ஒளிஞ்சு ஓடி வர்ற அவசரத்துல முயல் பொம்மை அங்கேயே கிடக்குது. உயிர் தப்பிச்சாச்சு, ஆனா யாரோ பார்த்துட்டாங்கன்னு 'அம்மா'வுக்கு, அதாவது இல்லத்தை நடத்துற இசபெல்லாவுக்கு, தெரிஞ்சு போச்சு. அடுத்த 11 எபிசோடும் அந்த ஒரு பொம்மையோட கடன்தான். சுவர் வரை போனா எம்மாவோட கால் உடையுது. சுவருக்கு அந்தப் பக்கம் என்னன்னு தெரிஞ்சிக்கிட்ட நார்மனையும் கோனி மாதிரியே அனுப்பிடுறாங்க. இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்கிற கருவி காதுக்குள்ள இருக்கிறதால எம்மா காதையே அறுத்து வச்சுட்டுப் போறா. துணி மாட்டுற ஹேங்கர்ல தொங்கிப் பள்ளத்தைத் தாண்டுறாங்க, அப்பவும் போறது 15 பேர்தான். ஃபில்லும் சின்னக் குழந்தைகளும் பின்னாடி நிக்கிறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ரசீது இருக்கு.

ரெண்டாவது சீசன்ல ரசீதே இல்ல. நார்மன் உயிரோட வர்றது எவ்வளவு பெரிய விஷயம்? 5ஆம் எபிசோட் கடைசியில முகமூடியைக் கழட்டிட்டு வந்து நிக்கிறான், முடிஞ்சுது. மாங்காவுல அதுக்கு முன்னாடி கோல்டி பாண்ட்னு ஒரு பகுதி, முப்பது அத்தியாயத்துக்கு மேல. அரக்கப் பிரபுக்கள் ரகசியமா வச்சிருக்கிற வேட்டைக்காடு, நடுவுல காற்றாலை இருக்கிற அழகான ஊர். மூணு நாளைக்கு ஒரு தடவை பாட்டு போடுவாங்க, பாட்டு கேட்டா குழந்தைங்க ஓடணும். அங்க ஆதாம்னு பேசத் தெரியாத ஒரு பெரிய பையன். அவன் எம்மாவோட கழுத்து எண்ணைப் பார்த்துட்டு '22194, 22194'னு முணுமுணுப்பான். அது நார்மனோட எண். அந்த இடத்துல எம்மாவுக்கு வர்ற நடுக்கம்தான் நார்மன் திரும்பி வர்றதுக்கான முன்பணம். அனிமே அந்த முன்பணத்தைக் கட்டாம பொருளை மட்டும் கொண்டு வந்து வச்சுது.

கடைசிப் படத்தொகுப்புல வர்ற அந்த 'சாமி'க்கும் இதே கதைதான். மாங்காவுல எம்மா அதுகிட்ட ஒரு வாக்குறுதி வாங்குறா, அது விலை கேட்குது. என்ன விலைன்னு சொல்ல மாட்டேன், மொத்த முடிவும் அதுமேலதான் நிக்குது. அனிமே வாக்குறுதியைப் படமா காட்டிட்டு விலையைக் காட்டாமலே போயிடுச்சு. உங்களுக்கு ஆல்பம் மாதிரி இருந்ததுக்குக் காரணம் இதுதான்.

---

வேப்பங்காய்:

எல்லாரும் மாங்காவைத் தூக்கித் தலையில வைக்கிறீங்க, பூனை ரெண்டாவது தடவை ஏமாறக் கூடாதுன்னு இதைச் சொல்றேன். கோல்டி பாண்ட் தங்கம், மறுப்பே இல்ல. அங்க வேட்டையாடுற அரக்கப் பிரபு லியூவிஸோட சண்டை இந்தக் கதையோட உச்சம். ஆனா 11ஆம் தொகுதி தாண்டினா மாங்காவும் மூச்சு வாங்குது. அந்த 'சாமி'யைப் பார்க்க ஏழு சுவரைத் தேடிப் போற பயணம் குழப்பம், தலைநகரச் சண்டையில பெரிய பெரிய ஆளுங்க படபடன்னு வந்து படபடன்னு போறாங்க. 'அரக்கர்களைக் கொல்றதா, காப்பாத்துறதா'ங்கிற நல்ல கேள்விக்கு மூஜிகாவோட ரத்தம்னு ஒரு சுலபமான பதில் ரெண்டுலயும் உண்டு. மனுஷனைத் தின்னாட்டி அறிவும் உருவமும் போயிடும்ங்கிற அரக்கர்களோட சிக்கல்தான் இந்தக் கதையிலேயே கனமான விஷயம். அதை ஒரு துளி ரத்தம் தீர்த்து வச்சிடுது. இந்தக் குறையை அனிமே உண்டாக்கல, அது மாங்காவுலயே இருந்தது.

வித்தியாசம் என்னன்னா, மாங்கா விலை கொடுத்துட்டு அங்க போய்ச் சேருது. இசபெல்லாவோட கதைகூட ரெண்டுலயும் ஒரே மாதிரி முடியாது. மாங்காவுல உள்ளது கஷ்டமான முடிவு, அதுதான் சரியான முடிவும்.

முதல் சீசனுக்குக் கசப்பு ஒட்டுமான்னு கேட்டீங்களே, ஒட்டாது. 12ஆம் எபிசோடைத் தனியா எடுத்துப் பாருங்க. ரே சின்ன வயசுல முணுமுணுத்த பாட்டு யாருக்கும் தெரிஞ்சிருக்கக் கூடாத பாட்டு. அதைக் கேட்டதும் இசபெல்லா நிக்கிற நிலை, 'ஏன் என்னைப் பெத்தே'ன்னு அவன் கேட்கிறது, கடைசியில அவ கூந்தலை அவிழ்த்துவிட்டுட்டுக் கயிறை எடுத்து ஒளிச்சு வச்சிட்டு மத்தக் குழந்தைங்ககிட்டத் திரும்பி நடக்கிறது. அங்கேயே ஒரு கதை முடிஞ்சு போச்சு. குழந்தைங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு தெரியாட்டியும் அது முழுசு.

மறுபடி எடுப்பாங்களான்னு யாராவது கேட்பீங்க. ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் 2001ல 26 எபிசோட், 2019ல திரும்பத் தொடங்கி 63 எபிசோட்ல முழுசா முடிச்சாங்க. நடுவுல 18 வருஷம். அதுக்குள்ள 144 அத்தியாயத்தைப் படிச்சிடலாம்.

---

மதில்மேல்_பூனை:

ஆல்பம் மாதிரி ஏன் இருந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. விலைப்பட்டியலைக் கிழிச்சிட்டுப் பொருளை மட்டும் காட்டியிருக்காங்க. திங்கட்கிழமை 5ஆம் தொகுதி. ஒரே ஒரு சந்தேகம், 1 முதல் 4 வரை நிஜமாவே தேவையில்லையா?

---

கட்டம்_கட்டமா:

கதைக்காகத் தேவையில்ல, முதல் சீசன் சம்பவத்துல பெருசா எதையும் விடல. இசபெல்லாவுக்கு உதவியா இல்லத்துக்கு வர்ற சிஸ்டர் க்ரோனுக்காகப் படிக்கலாம். அவ மனசுக்குள்ள ஓடுற கணக்கு அனிமேயில பாதிதான் வந்துச்சு. ஆனா இப்ப வேண்டாம், 20 முடிச்சிட்டுத் திரும்பிப் போங்க.

இன்னொண்ணு. 5, 6ல காடு, 7ல பதுங்கிடம். ரெண்டாவது சீசன் காட்டின இடங்கள்தானேன்னு அங்க சலிப்பு வரலாம், புரட்டிடாதீங்க. 8ஆம் தொகுதிக்குள்ள காற்றாலை தெரியும். தெரிஞ்சதும் இங்க வந்து ஒரு வரி போடுங்க, வேப்பங்காய்கிட்ட லியூவிஸைப் பத்திப் பேச ஆள் இல்லாம கிடக்கு.